22 பேர் கொயர், டெனர் இரண்டே பேர்: என்ன பாட்டு எடுக்கலாம்?

கடைசி பெஞ்ச் டெனர்

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடி பக்கம் ஒரு சின்ன ஊர் சபை எங்களுடையது. போன ஜூலையில் கொயர் (பாடகர் குழு) பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழைய மாஸ்டர் மகள் வீட்டோடு இருக்கப் பெங்களூரு போய்விட்டார். "நீதானே கீபோர்டு வாசிக்கிற, நீயே பார்த்துக்கோ" என்று ஐயர் (சபைப் போதகர்) என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். நிஜமான சாவிதான், கொயர் அலமாரிச் சாவி. திறந்து பார்த்தால் சைக்ளோஸ்டைல் எடுத்த சோல்ஃபா (டோ ரே மீ எழுத்துகளில் எழுதும் இசைக்குறிப்பு) தாள்கள் கட்டுக் கட்டாக. பாதியை இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது. மீதியில் ஓரத்தில் பென்சிலால் "இங்கே மூச்சு விடாதே ஜெபா" என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அந்த ஜெபா யாரென்று சபையில் யாருக்கும் தெரியவில்லை.

ஆள் கணக்கு: சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்) 11, அதில் நான்கு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்; ஆல்டோ (பெண்களின் கீழ் குரல்) 6, டெனர் (ஆண்களின் மேல் குரல்) 2, பாஸ் (ஆண்களின் கீழ் குரல்) 3. டெனர் இரண்டில் ஒன்று நான். கையையும் ஆட்டி வாயையும் திறக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு ஆசைப்பட்டு ஹாண்டெலின் அல்லேலூயா கோரஸ் எடுத்தேன். மூன்று மாதம் பிராக்டிஸ். அன்று காலை இன்னொரு டெனருக்கு ஷிப்ட் மாறிவிட்டது, வரவில்லை. "ராஜாதி ராஜா" இடத்தில் சோப்ரானோ படிப்படியாக ஏறி மேல் ஜி-யில் நிற்க வேண்டுமே, அங்கே ஏறியது மூன்று பேர். மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். டெனர் லைனில் நான் மட்டும், அதுவும் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வழக்கப்படி எல்லாரும் எழுந்து நின்றார்கள். எங்களுக்காக நின்ற மாதிரி தெரியவில்லை, எப்போது முடியும் என்று நின்ற மாதிரி இருந்தது.

இப்போது பெரிய வெள்ளி வருகிறது, அப்புறம் பிரதிஷ்டை பண்டிகை. சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம்தான் பிராக்டிஸ். பெரியவர்கள் சோல்ஃபா படிப்பார்கள், சின்னவர்கள் கேட்டுத்தான் பிடிப்பார்கள். ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறிப்பு) என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

என்ன பாட்டு எடுக்கலாம்? இன்னொன்று: கீர்த்தனைகளுக்குப் பார்ட்ஸ் (ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி மெட்டு) போடலாமா? சபையில் ஒரு கட்சி போடு என்கிறது, இன்னொரு கட்சி போட்டால் ராகம் கெட்டுவிடும் என்கிறது.

மூன்றாம் வரிசை ஆல்டோ

பதில் தெரியாது, ஆறுதல் மட்டும். எங்கள் கொயரில் இருந்த ஒரே டெனருக்குக் கல்யாணமாகி துபாய் போனார். அனுப்பி வைக்கும்போது அவர் அம்மாவைவிட எங்கள் மாஸ்டர்தான் அதிகம் அழுதார்.

பழைய ஆர்மோனியம்

தம்பி, 31 வருஷம் கொயர் நடத்திவிட்டு இப்போது பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவன் நான். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

முதலில் அல்லேலூயாவைக் கொஞ்ச காலம் அலமாரியில் வை. அது உன் தப்பு இல்லை. எல்லாரும் முதல் வருஷம் அதைத்தான் எடுப்பார்கள். நானும் எடுத்தேன், நானும் விழுந்தேன். நமக்குப் பிடித்த பாட்டை எடுத்துவிட்டு அதற்கு ஆளைத் தேடுகிறோம். தலைகீழாகச் செய். ஒரு நோட்டு வாங்கு. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, சிரமமில்லாமல் எட்டும் கீழ் ஸ்வரம் எது, மேல் ஸ்வரம் எது என்று எழுதிக்கொள். "எட்டும்" என்பதற்கும் "சிரமமில்லாமல்" என்பதற்கும் நடுவே மூன்று ஸ்வரம் வித்தியாசம் இருக்கும், அந்த மூன்றை நம்பாதே. நான் எழுதியபோது பத்து வருஷமாக சோப்ரானோவில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் நல்ல ஆல்டோ என்று தெரிந்தது. தோழி பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக சோப்ரானோவில் இருந்திருக்கிறார்கள். உன் 11 பேரிலும் அப்படி இருப்பார்கள், பார்.

நோட்டு நிறைந்ததும் பாட்டைப் பார்ப்போம்.

மோட்சார்ட்டின் 'ஆவே வேரும்' என்ற லத்தீன் பாட்டு. 1791 ஜூன் 17-ஆம் தேதி எழுதியது. டிசம்பர் 5-ஆம் தேதி ஆள் போய்விட்டார். வியன்னாவுக்குப் பக்கத்தில் பாடன் என்ற ஊரில் அன்டன் ஷ்டோல் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அந்த ஊர்க் கொயரையும் அவர்தான் நடத்தினார். அவருக்காக எழுதிக் கொடுத்தது. சின்ன ஊர், சின்ன கொயர், வாத்தியார் மாஸ்டர்! நம் கதைதான். மொத்தம் 46 பார் (தாளக் கட்டம்), மூன்று நிமிஷம். சத்தமாகப் பாட ஒரு இடம்கூடக் கிடையாது. தொண்டைக்குள்ளேயே பாடு என்றுதான் மேலே குறித்திருக்கிறார். பெரிய குரல் இல்லாத கொயருக்கு இது வரம்.

ஆனால் எளிது என்று நினைத்துவிடாதே. ஸ்வரங்களை இரண்டு சனிக்கிழமையில் பிடித்துவிடுவார்கள், மூச்சைப் பிடிக்க இரண்டு மாதம் ஆகும். நடுவில் டோ, அதாவது நம் ச, டி-யிலிருந்து எஃப்-க்கு மாறும். சோல்ஃபாவில் எழுதும்போது அந்த இடத்தில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் ஒரே ஸ்வரத்துக்குப் போட வேண்டும். அதைப் போடாமல் தாள் எடுத்துக் கொடுத்து, ஒரு முழு பிராக்டிஸை நான் வீணடித்திருக்கிறேன். முடிவுக்கு முன்னால் பெண்கள் முந்திப் போவார்கள், ஆண்கள் பின்னால் வருவார்கள். அங்கே உன் இரண்டு டெனரும் மூன்று பாஸும் சேர்ந்தால் ஐந்து பேர், பயப்பட ஒன்றுமில்லை.

பெரிய வெள்ளிக்கு ஸ்டெய்னர் என்ற ஆங்கிலேய இசைக்காரரின் பாட்டு. 1887-இல் அவர் போட்ட 'சிலுவைப்பாடு' இசையில் நடுவே வாத்தியம் இல்லாமல் நாலு பார்ட்டாக ஒரு பகுதி வருமே, யோவான் 3:16, அது மட்டும் போதும். சாதாரண சபைக் கொயர்களை மனதில் வைத்தே எழுதியவர், ஆகவே எந்தப் பார்ட்டும் கழுத்தைப் பிடிக்காது. எல்லாரும் சேர்ந்தே அசைவார்கள், டெனர் தனியாக எங்கும் மாட்டிக்கொள்ள மாட்டான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைத் தமிழில் பாட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வேதாகம வசனத்தை அப்படியே எடுத்து ராகத்தின் கீழே எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் புரிந்தது: ஸ்டெய்னர் முதல் வரியிலேயே "அன்புகூர்ந்தார்" என்பதை வைத்துத் திரும்பத் திரும்பப் பாடவைக்கிறார். நம் வசனத்தில் "அன்புகூர்ந்தார்" கடைசிச் சொல். வினை கடைசியில் வருவதுதானே தமிழ். இசை மென்மையாகக் கொஞ்சுகிற இடத்தில் எங்கள் கொயர் "கெட்டுப்போகாமல்" என்று பாடிக்கொண்டிருந்தது. அப்புறம் வசனத்தை விட்டுவிட்டு, "இவ்வளவாய் அன்புகூர்ந்தார்" என்ற துண்டை முன்னால் கொண்டுவந்து, மற்றதைப் பின்னால் தள்ளி எழுதினேன். அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. மொழிபெயர்ப்பை ராகத்தில் திணிக்காதே, ராகம் எந்தச் சொல்லைத் தூக்கிக் காட்டுகிறது என்று பார்த்து அங்கே சரியான சொல்லை வை.

இன்னொன்று, குறில் நெடில். "வரும்" என்ற சொல்லில் "வ" மேல் இரண்டு பீட் போட்டால் சபைக்கு "வாரும்" என்று கேட்கும். ஆள் வருகிறாரா, வரச்சொல்லிக் கூப்பிடுகிறோமா என்றே தெரியாது. "பலி" "பாலி" ஆகிவிடும். நீண்ட ஸ்வரத்துக்கு நெடிலைத் தேடு. கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லையே மாற்று.

வாத்தியமில்லாமல் பாடும்போது சுருதி இறங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய வெள்ளியன்று ஜி-யில் ஆரம்பித்து எஃப் ஷார்ப்பில் இறங்கி முடித்தோம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, ரொம்ப அழகாகப் பாடியதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த நொடி ஆர்கன் வாசிப்பவர் அடுத்த பாமாலையை ஜி-யில் ஆரம்பித்தார். முதல் வரிசையில் இருந்த ஒரு பாட்டி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அதிலிருந்து ஒவ்வொரு பிராக்டிஸிலும் பாடி முடித்த கையோடு கீபோர்டில் ஒரு தட்டு தட்டிப் பார்க்கிற பழக்கம் வந்தது. இறங்குவது பெரும்பாலும் "மீ"-யில்தான். கீழே வரும்போது "மீ"-யைச் சோம்பலாகத் தொடுவார்கள். "மீ"-யை மட்டும் உயர்த்தி நினைக்கச் சொல், பாதி சரியாகும்.

தாலிஸ் போட்ட ஒரு ஆந்தம் (கொயர் பாடும் ஆராதனைப் பாட்டு) இருக்கிறது, யோவான் 14-இல் "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால்" வசனம். 1565-இல் அச்சானது. சேர்ந்து ஆரம்பித்து, அப்புறம் ஒவ்வொரு பார்ட்டாகப் பிரிந்து நுழையும். அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள். இப்போது எடுத்தால் டெனர் நுழையும் இடத்தில் மறுபடி உன் முதுகைத்தான் சபை பார்க்கும்.

கடைசி பெஞ்ச் டெனர்

ஐயா, மிக்க நன்றி. நோட்டு இன்றே வாங்கிவிட்டேன். லத்தீன் பாட்டு என்றால் கமிட்டியில் ஒருவர் நிச்சயம் எழுந்து "யாருக்குப் புரியும்?" என்பார். என்ன சொல்ல?

பழைய ஆர்மோனியம்

எங்களிடமும் எழுந்தார். ஆராதனைத் தாளில் நாலு வரியில் தமிழ் அர்த்தம் அச்சடித்துக் கொடுத்தேன், ஐயர் பாடுவதற்கு முன்னால் அதை வாசித்தார். நற்கருணை சமயத்தில் பாடினோம், சபையார் எழுந்து போய்க்கொண்டிருந்ததால் யாரும் கொயரை முறைத்துப் பார்க்கவும் இல்லை. அடுத்த வாரம் அதே கமிட்டிக்காரர் "அந்த மெதுவான பாட்டு எப்போ திரும்ப?" என்று கேட்டார்.

சுருதிப்பெட்டி

கீர்த்தனை கேள்விக்கு நான் வருகிறேன். சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம், கல்லூரியில் நான்கு வருஷம் கொயரில் ஆல்டோ. இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவள்.

உங்கள் சபையின் இரண்டு கட்சியும் பாதி சரி. எந்த ராகம் என்று கேட்காமல் போடலாமா கூடாதா என்று பேசினால் முடிவே வராது.

சங்கராபரணத்தில் இருக்கும் கீர்த்தனைக்குப் பார்ட்ஸ் தாராளமாகப் போடலாம், அது நீங்கள் தினமும் பாடும் டோ ரே மீ-தான். ஆனால் தோடி, பைரவி மாதிரி ராகங்களில் உயிரே அசைவில் இருக்கிறது. தோடியின் காந்தாரம் (க) ஒரு இடத்தில் நிற்கவே நிற்காது. அதன் கீழே கீபோர்டில் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் மூன்று ஸ்வரம்) அழுத்திப் பிடித்தால், ஆடுகிற ஊஞ்சலின் காலைத் தரையில் கட்டிய மாதிரி இருக்கும். அவற்றை எல்லாரும் ஒரே குரலாகப் பாடுங்கள். 22 பேர் ஒரே குரலாக, ஒரே அசைவோடு பாடுவது பார்ட்ஸைவிடக் கஷ்டம் என்பதையும் கமிட்டிக்குச் சொல்லுங்கள்.

நடுவில் இருப்பதுதான் சுவாரசியம். மோகனத்தை எடுங்கள். ச ரி க ப த. கீபோர்டு வாசிப்பவர்கள் பழக்கதோஷத்தில் மூன்று கார்டையும் போட்டுவிடுவார்கள். சி மேஜர் சரி. எஃப் மேஜரை அழுத்தினால் மத்யமம் (ம) வந்துவிடும். ஜி மேஜரை அழுத்தினால் நிஷாதம் (நி) வந்துவிடும். இரண்டும் மோகனத்தில் கிடையாது. பாடுகிறவர்கள் மோகனம் பாடிக்கொண்டிருப்பார்கள், கீபோர்டு சங்கராபரணம் வாசித்துக்கொண்டிருக்கும். "ராகம் கெட்டது" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான், அவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், காது பொய் சொல்லாது.

அப்போ மோகனத்துக்கு என்ன செய்யலாம்? பாஸ் மூன்று பேரும் ச-ப மட்டும் பிடித்து நிற்கட்டும், தம்பூரா மாதிரி, "ம்" என்று வாய் மூடி. சோப்ரானோ பல்லவியை ஆரம்பித்து ஒரு ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) கழிந்ததும் ஆல்டோ அதே பல்லவியைப் பின்னால் ஆரம்பிக்கட்டும். மோகனத்தில் அரை ஸ்வர இடைவெளியே இல்லை, ஆகவே எது எதன் மேல் விழுந்தாலும் பெரிதாக இடிக்காது. புதிதாக ஒரு ஸ்வரம்கூட எழுத வேண்டியதில்லை, படிக்கத் தெரியாத பிள்ளைகளும் பாடிவிடுவார்கள். சுத்த சாவேரிக்கும் இதே வித்தை. ஒரு அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் கொயரில் இப்படிச் செய்தோம், மொத்தப் பிராக்டிஸ் நாற்பது நிமிஷம்.

மாயாமாளவகௌளைக்கு இரண்டு கார்டு போதும்: ச-க-ப ஒன்று, ரி-ம-த ஒன்று. இரண்டுமே ராகத்துக்குள்ளே இருப்பவை, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து பாருங்கள், பெரிய வெள்ளிக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டாம்.

இது ஒன்றும் நம் கண்டுபிடிப்பு இல்லை. சென்னை இளைஞர் இசைக்குழுவை ஆரம்பித்த எம்.பி. சீனிவாசன் பாரதியார் பாடல்களைப் பல குரல்களில் பாடவைத்தவர். அதற்கும் முன்னால் ஆபிரகாம் பண்டிதர், உங்கள் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்தான், இரண்டு சங்கீதமும் படித்து 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டார். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை எழுதிய காலத்தில் இந்தச் சண்டையே இருந்திருக்காது, அப்போது எல்லாம் ஒரே குரல்தான்!

பழைய ஆர்மோனியம்

அம்மா, அந்த மத்யமம் விஷயம்! முப்பது வருஷம் மோகனக் கீர்த்தனைக்கு எஃப் மேஜர் வாசித்தவன் நான்தான். இப்போது சொல்லி என்ன.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சோல்ஃபா நம் பக்கத்தில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்: டோ எங்கே வேண்டுமானாலும் நகரலாம், நம் ச-வைப் போல. ஆகவே தம்பி, சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டாஃப் கற்றுக்கொடுக்கிறேன் என்று சோல்ஃபாவைத் தூக்கிப் போட்டுவிடாதே. பிராக்டிஸ் ஆரம்பத்தில் பத்து நிமிஷம் கையைக் காட்டிக் காட்டி டோ-மீ-சோ பாடவை.

பாசையூர்க் காற்று

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், கத்தோலிக்கப் பாடகர் குழாம். டெனர் பற்றாக்குறைக்கு நாங்கள் கண்ட வழியைச் சொல்கிறேன். ஆல்டோவில் தாழ்ந்த குரல் உள்ள இரண்டு அக்காமாரை டெனர் வரிசையில் இருத்திவிட்டோம். நடு சி-க்குக் கீழே ஜி வரைக்கும் அவர்கள் சுகமாகப் போவார்கள். கேட்கிற ஆட்களுக்கு வித்தியாசம் தெரியாது.

பழைய ஆர்மோனியம்

தெரியும் ஐயா, மன்னிக்க வேண்டும். டெனர் மேலே ஏறும்போது வரும் அந்த இழுவிசை பெண் குரலில் வராது, அதே ஸ்வரம் அவர்களுக்கு அடித்தளம். தவிர, தினமும் அங்கேயே பாடவைத்தால் அவர்கள் குரலின் மேல் பகுதி மங்கிவிடும். நான் ஒருபோதும் செய்ததில்லை. டெனர் இல்லையா, மூன்று பார்ட் பாட்டு எடு. வில்லியம் பர்டு 1590-களில் மூன்றே குரலுக்கு முழு ஆராதனை இசையே எழுதியிருக்கிறார், மூன்று என்பது குறை இல்லை.

பாசையூர்க் காற்று

நீங்கள் சொல்வது விளங்குகிறது, ஆனால் எங்களிடம் இருக்கிற ஆண்கள் நாலு பேர், நாலு பேரும் பாஸ். பண்டிகைக்குப் பண்டிகை மட்டும்தான் அக்காமாரை மாற்றி இருத்துகிறோம், கிழமைக்குக் கிழமை இல்லை. இரண்டு பேரும் ஆறு வருஷமாக நன்றாகத்தான் பாடுகிறார்கள். சரி, இதில் நாங்கள் ஒத்துப்போக மாட்டோம்.

தம்பிக்கு இன்னும் இரண்டு விஷயம். கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி என்ற இணையதளம் 1998-இலிருந்து இருக்கிறது. ஐயா சொன்ன பழைய பாட்டுகள் எல்லாம் அங்கே காசில்லாமல் எடுக்கலாம், எத்தனை குரல் என்று வைத்தும் தேடலாம். எடுத்துவிட்டு ஒவ்வொரு பார்ட்டையும் நீங்களே பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கீபோர்டில் வாசித்து அனுப்பாதீர்கள், பாடி அனுப்புங்கள். பிள்ளைகள் சொல்லோடு சேர்த்துத்தான் பிடிக்கிறார்கள்.

மற்றது, வரி முடியும் இடம். தமிழில் பாதி வரி "ர்", "ன்", "ம்" என்றுதான் முடியும். இருபது பேர் இருபது நேரத்தில் "ர்" சொன்னால் மோட்டார் சைக்கிள் நிற்பது போல் இருக்கும். கடைசி மெய்யை அடுத்த ஓய்வு பீட்டின் மேல் வைக்கச் சொல்லி, அந்த இடத்தில் மட்டும் விரலை மூடிக் காட்டுங்கள். நாங்கள் ஒரு முழு மாலை இதற்கு மட்டும் செலவழித்தோம்.

மூன்றாம் வரிசை ஆல்டோ

கேரல் சர்வீஸில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்களேன். போன வருஷம் கீபோர்டு அணைந்ததும் மொத்தக் கொயரும் அணைந்துவிட்டது.

சுருதிப்பெட்டி

'சைலன்ட் நைட்' 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊர்க் கோவிலில் முதல் தடவை பாடப்பட்டபோது ஆர்கன் வாசிக்கவே இல்லை. எழுதிய பாதிரியாரும் இசை போட்ட க்ரூபரும் கிட்டாரை வைத்துக்கொண்டு இரண்டு குரலாகப் பாடினார்கள், கடைசி வரிகளில் மட்டும் கொயர் சேர்ந்தது. ஒரு கிட்டாரைச் சுருதி சேர்த்து மூலையில் வைத்திருங்கள். இல்லையென்றால் ஒரு பிட்ச் பைப் (சுருதி கொடுக்கும் சின்ன ஊதுகுழல்).

கடைசி பெஞ்ச் டெனர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நோட்டு நிறைந்துவிட்டது. ஐயா சொன்னபடியே சோப்ரானோவில் மூன்று ஆல்டோ ஒளிந்திருந்தார்கள், இப்போது 8-9 என்று ஆகிவிட்டது. அதைவிட ஆச்சரியம், பாஸில் இருந்த ஒரு தம்பி மேல் எஃப் வரை அலட்டிக்கொள்ளாமல் போகிறான். "ஏன்டா டெனருக்கு வரலை?" என்றால், "அங்கே நீங்க மட்டும்தானே அண்ணே இருக்கீங்க, போரடிக்கும்" என்றான்.

பெரிய வெள்ளிக்கு ஸ்டெய்னர், தமிழில். முதல் வரிக்கு "இவ்வளவாய் அன்புகூர்ந்தார்" சரியாக உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது வரியில் இன்னும் ஒரு குறில் உதைக்கிறது. மோகனக் கீர்த்தனையைப் பிரதிஷ்டை பண்டிகைக்கு வைத்திருக்கிறேன். பாஸ் இரண்டு பேர் "ம்" பிடிக்கும்போது ஒருவர் தூங்கிவிடுகிறார், மற்றபடி நன்றாக இருக்கிறது. ராகம் கெடும் என்ற கட்சியின் தலைவர் கதவோரம் நின்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, கீபோர்டு மூடியிருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அலமாரியின் அடிக்கட்டில் ஆவே வேரும் சோல்ஃபா தாள் 14 பிரதி கிடைத்தது ஐயா. டோ மாறும் இடத்தில் இரண்டு பெயரும் போட்டிருக்கிறது.

பழைய ஆர்மோனியம்

இரண்டு பெயரும் போட்டிருந்தால் எழுதியவன் விவரமானவன். உடனே போட்டோ எடுத்து வைத்துக்கொள். அலமாரியில் நாலு துண்டு வசம்பு போடு, இராமபாணம் வராது.